ரூபிக்கு வைத்த தண்ணீர்

ரூபி கடித்துவிட்டது.

வேறு நாயாக இருந்தால் இது ஒரு சேதியே இல்லை. மாடு என்றால் முட்டும், நாய் என்றால் கடிக்கும், அதற்காக யாரும் கூட்டம் போட்டு அழுவதில்லை. ஆனால் ரூபி கடித்தது என்று சொன்னால் பினாங்கு நார்த்தம் ரோட்டில் ஒருவரும் நம்பமாட்டார்கள். விருந்து நாட்களில் அதன் எஜமான் ஹெரிக் துரை ஒரு கோழிமுட்டையைப் புல்தரையில் உருட்டிவிடுவார். ரூபி ஓடிப்போய் அதை வாயில் எடுத்து, வாலை ஆட்டிக்கொண்டே வந்து, அவர் உள்ளங்கையில் வைக்கும். முட்டையில் எச்சில் இருக்கும், கீறல் இருக்காது. வந்திருக்கும் வெள்ளைக்காரர்கள் கை தட்டுவார்கள். மறுநாள் காலையில் பட்லர் முனுசாமி அந்த முட்டையைத் துடைத்து அதே விருந்தாளிகளுக்குப் பொரித்துப் போட்டதாகவும் ஒரு பேச்சு உண்டு.

அப்படிப்பட்ட வாய்தான் அதைப் பார்த்துக்கொள்ளும் வேலைக்காரன் பிச்சைமுத்துவின் வலது கையைக் கவ்வி நான்கு பல்லை ஆழமாக இறக்கியிருந்தது. அவனுக்கு வலிகூடத் தெரியவில்லை. பேயறைந்தவன் போலக் கையையே பார்த்துக்கொண்டு நாய்க்கொட்டகைத் தரையில் உட்கார்ந்திருந்தான். ரத்தம் முழங்கை வரை வந்து சொட்டியது. ரூபி ஒரு மூலையில் ஒண்டிக்கொண்டு முன்னங்காலால் தன் மூக்கைப் பிறாண்டியது. அதன் வாயிலிருந்து எச்சில் நூல் நூலாக வழிந்தது.

சோற்றுத் தட்டோடு கொட்டகை வாசலுக்கு வந்த முனுசாமி கையையும் பார்த்தார், நாயின் வாயையும் பார்த்தார். தட்டைக் கீழே போட்டார்.

"வெறி! வெறி புடிச்சிருச்சுடா! வெளிய வாடா பாவி!" என்று கத்திக்கொண்டே துரையைத் தேடி ஓடினார்.

ரூபிக்கு வெறி இல்லை. அது பினாங்குத் தீவு முழுவதிலும் பிச்சைமுத்து ஒருவனுக்குத்தான் தெரியும். எப்படித் தெரியும் என்று சொன்னால் அவன் மானம் போகும். சொல்லாவிட்டால் ரூபியின் உயிர் போகும்.

நாய் பார்க்கிற வேலைக்கு வருவதற்கு முன்னால் பிச்சைமுத்து தீவுக்கு எதிர்க்கரையில் பிறை என்ற ஊரில் மாட்டு வண்டி ஓட்டிக்கொண்டிருந்தான். துரையின் கார் டிரைவர் கமாலுதீன் அவனுக்குப் பழைய சிநேகிதன். "மாட்டுக்கும் நாலு கால், நாய்க்கும் நாலு கால், என்ன பெரிய வித்தியாசம் லா?" என்று சொல்லித்தான் கூட்டிவந்து சேர்த்துவிட்டான். கால் கணக்கோடு ஒற்றுமை முடிந்துபோனது. பிச்சைமுத்து தன் மாடுகளுக்குச் செய்ததெல்லாம் வைக்கோல் போட்டதும், லாடம் அடித்ததும், சமயத்தில் திட்டியதும்தான். ரூபிக்குச் செய்யவேண்டியதை ஹெரிக் துரை ஒரு முழுத் தாளில் தட்டெழுதிக் கொட்டகைச் சுவரில் ஒட்டியிருந்தார். கமாலுதீன் அதைப் படித்துச் சொல்ல, பிச்சைமுத்து வாய்ப்பாடு மாதிரி மனப்பாடம் செய்துகொண்டான்.

ஸ்பேனியல் ஜாதிக்குக் காது நீளம். தரையைத் தடவுகிற மாதிரித் தொங்கும். சேற்றில் இறங்கி வந்தால் உள்ளே ஈரம் தங்கிச் சீழ் வைத்துவிடும். ஆகையால் தினமும் இரண்டு காதையும் மடித்து, பஞ்சால் துடைத்து, காற்றாட விடவேண்டும். கால் விரல் இடுக்குகளில் உண்ணி பார்க்கவேண்டும். வயிற்றிலும் தொடையிலும் தொங்குகிற மயிரைச் சிக்கெடுத்துச் சீவவேண்டும். கோழி எலும்பு ஆகாது. ஈரத்தரையில் படுக்கவிடக்கூடாது. காலையில் இரண்டு மைல், மாலையில் இரண்டு மைல் ஓடவிடவேண்டும், வேலையில்லாமல் சும்மா கிடந்தால் இந்த ஜாதிக்குப் புத்தி கெட்டுவிடுமாம். அதட்டக்கூடாது, அதட்டினால் மனசு ஒடிந்துவிடுமாம்.

"எனக்குத் தலைவலின்னு ரெண்டு நாள் படுத்தேன், எட்டிப் பாக்கல. நாய்க்குக் காது தொடைக்கிறீங்க," என்று அவன் பெண்சாதி நல்லம்மாள் குத்திக்காட்டுவாள். "அடுத்த பிறவியில நானும் ஸ்பேனியலாப் பொறக்குறேன்."

அவள் சொல்வதிலும் நியாயம் இருந்தது. ஆனால் ரூபி காதைக் காட்டிக்கொண்டு அவன் மடியில் தலை வைத்துப் படுக்கும்போது பிச்சைமுத்துவுக்கு அது ஒரு வேலையாகவே தெரியவில்லை. பிள்ளை இல்லாத வீடு. பாசம் எங்கேயாவது போய்த்தானே ஆகவேண்டும்?

தாளின் கடைசி வரிதான் இந்தக் கதைக்கு முக்கியம். வேட்டைக்குப் போகும் இடத்தில் ரூபி வயல் தண்ணீரைக் குடிக்கவே கூடாது. கொதிக்கவைத்து ஆறிய தண்ணீர் மட்டுந்தான் கொடுக்கவேண்டும். அதற்கென்றே துரை சீமையிலிருந்து தோல் உறை போட்ட ஒரு பெரிய போத்தல் வரவழைத்திருந்தார். அந்தப் போத்தல் சமையல்கட்டின் பக்கமே வரக்கூடாது என்பது முனுசாமியின் சட்டம். நாயின் தட்டு, நாயின் போத்தல், அதைத் தேய்க்கிற தேங்காய் நார் எல்லாம் வெளியே தனிப் பலகையில் இருந்தன. பிச்சைமுத்துவே சாப்பிட வந்தால் முழங்கை வரை சோப்புப் போட்டுக் கழுவிவிட்டுத்தான் உட்காரவேண்டும். "நாய்க்காரா, கையைக் காட்டு," என்பார் முனுசாமி. அவர் விளையாட்டாகச் சொல்வது மாதிரிதான் இருக்கும், கையைக் காட்டாமல் சோறு விழாது.

தைப்பூசத்துக்கு முந்திய ஞாயிற்றுக்கிழமை துரை உள்ளான் சுடப் போனார். உள்ளான் என்பது வயல் சேற்றில் மறைந்து கிடக்கும் சின்னக் குருவி, கிளம்பினால் வளைந்து வளைந்து பறக்கும், சுட்டு வீழ்த்துவது பெரிய கெட்டிக்காரத்தனம். விழுந்த குருவியைப் புல்லுக்குள் மோப்பம் பிடித்து எடுப்பது அதைவிடப் பெரிய கெட்டிக்காரத்தனம், அதைத் துரையால் செய்யமுடியாது, ரூபியால்தான் முடியும். ஃபெரியில் காரை ஏற்றிப் பிறையில் இறங்கி ஜுரு பக்கம் போனார்கள். சாலையோரத்தில் கமாலுதீனும் காரும் நின்றுகொள்ள, துரையும் ரூபியும் பிச்சைமுத்துவும் வரப்பில் இறங்கினார்கள்.

பிச்சைமுத்துவின் ஒரு தோளில் இரண்டாவது துப்பாக்கி, இன்னொரு தோளில் தோட்டாப் பை, கழுத்தில் ரூபியின் போத்தல், இடுப்பில் சுட்ட குருவிகளைக் கட்டும் கயிறு. தனக்கென்று தண்ணீர் எடுத்துவர அவனுக்கு உடம்பில் இடம் மிச்சமில்லை. எப்போதும் வழியில் ஏதாவது ஒரு கம்பம், மலாய்க்காரர்களின் கிராமம், வரும், கிணற்றடியில் நின்று கேட்டால் கொடுப்பார்கள். அன்றைக்குத் துரை புது இடம் பார்க்கலாம் என்று கடற்பக்கமாகத் திரும்பிவிட்டார். வீடும் இல்லை, மரமும் இல்லை, கண்ணுக்கு எட்டிய மட்டும் வயலும் வெயிலும்தான்.

பதினொரு மணிக்குப் பிச்சைமுத்துவுக்குக் கண் இருட்டிக்கொண்டு வந்தது. நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. துரை முன்னால் வெகுதூரம் போய்விட்டார். கழுத்தில் போத்தல் குலுங்கக் குலுங்க உள்ளே இருந்த தண்ணீரின் சத்தம் அவன் காதில் விழுந்துகொண்டே இருந்தது. ஒரே ஒரு மடக்கு என்றுதான் மூடியைத் திறந்தான். தாகத்துக்குக் கணக்குத் தெரியுமா? கண்ணைத் திறந்து பார்த்தபோது போத்தல் காலி.

அவனுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. ரூபி எதிரில் உட்கார்ந்து நாக்கைத் தொங்கவிட்டுக்கொண்டு அவனையே பார்த்தது. முன்னால் துரை கையை ஆட்டி நாயைக் கூப்பிட்டார். பிச்சைமுத்து பக்கத்து வாய்க்காலில் போத்தலை அமுக்கி நிரப்பினான். மூடியைத் திருகி, வேட்டி முனையால் வெளிப்புறத்தைத் துடைத்துக் கழுத்தில் மாட்டிக்கொண்டு ஓடினான்.

துரை போத்தலை அவன் கையிலிருந்து வாங்கினார். தானே தகரத் தட்டில் ஊற்றினார். "குடி, கண்ணு," என்கிற மாதிரி அவர் பாஷையில் ஏதோ கொஞ்சினார். ரூபி மடமடவென்று குடித்தது. பிச்சைமுத்து பார்த்துக்கொண்டு நின்றான். துரையை வேலைக்காரர்கள் மலாயில் துவான் என்றுதான் கூப்பிடுவார்கள், 'துவான், வேண்டாம்' என்று ஒரு வார்த்தை வாய் வரைக்கும் வந்தது. அதற்கு மேல் வரவில்லை.

பத்துப் பன்னிரண்டு நாள் ஒன்றுமில்லை. அவனும் மறந்தே போனான். பிறகு ஒருநாள் காலையில் ரூபி தும்மியது. மூக்கின் ஒரு துவாரத்திலிருந்து மட்டும் ஒரு சொட்டு ரத்தம் விழுந்தது. மறுநாள் ஓங்கரித்தது. மூக்கைத் தரையில் தேய்த்தது. தொண்டையில் ஏதோ சிக்கிக்கொண்ட மாதிரி வாயைத் திறந்து திறந்து மூடியது, எச்சில் வழிந்தது. பிச்சைமுத்துவுக்குத் தலையில் இடி விழுந்தது. மாட்டுக்காரனுக்கு இது தெரியாதா? வாய்க்காலில் நூல் மாதிரி இருக்கிற குட்டி அட்டை தண்ணீரோடு மூக்குக்குள் போய் ஒட்டிக்கொள்ளும். ரத்தம் குடித்துக் குடித்து விரல் பருமன் ஆகும்.

எடுக்கிற வழியும் அவனுக்குத் தெரியும். மாட்டை ஒன்றரை நாள், இரண்டு நாள் தண்ணீர் காட்டாமல் காயப்போடவேண்டும். பிறகு ஒரு சட்டி குளிர்ந்த தண்ணீரை மூக்கடியில் வைத்தால், காய்ந்துபோன அட்டை ஈரத்தைத் தேடித் தலையை வெளியே நீட்டும். உப்புத் துணியால் லபக்கென்று பிடித்து இழுத்துவிடவேண்டும். யாருக்கும் தெரியாமல் காதும் காதும் வைத்த மாதிரி முடித்துவிடலாம் என்று நினைத்து, ரூபியின் தண்ணீர்த் தட்டைக் கவிழ்த்து வைத்தான்.

அடுத்த நாள் கவிழ்ந்த தட்டை முனுசாமி பார்த்துவிட்டார். "என்னடா, நாய்க்குத் தண்ணி வைக்கலையா?" என்று கேட்டார்.

"அது தண்ணி கிட்டயே போகமாட்டேங்குதுண்ணே," என்று சொல்லிவிட்டான்.

நுணலும் தன் வாயால் கெடும் என்பது இதற்குத்தான். அந்த வருஷம், ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இருபத்தெட்டில், ஊரெல்லாம் வெறிநாய்ப் பேச்சாக இருந்தது. எச்சில் வழிகிற நாய் தண்ணீர் கிட்டே போகவில்லை என்றால் அதற்கு என்ன அர்த்தம் என்று சின்னப் பிள்ளைக்கும் தெரியும். முனுசாமி அப்போது அதை மனசில் முடிந்துகொண்டு போய்விட்டார். மறுநாள் காலையில் பிச்சைமுத்து அட்டை எங்கே இருக்கிறது என்று பார்க்க ரூபியின் வாயைப் பிரித்து மூக்கை அழுத்தியபோதுதான், வலி தாங்காமல் அது கடித்தது.

அதன்பிறகு நடந்ததெல்லாம் அரைமணி நேரத்துக்குள் நடந்தது.

ஹெரிக் துரை இரவு உடுப்போடு, காலில் செருப்புக்கூட இல்லாமல் வந்தார். கையில் துப்பாக்கி. முகத்தில் ஈயாடவில்லை. அவருக்குப் பின்னால் முனுசாமி, கார் துடைத்த துணியோடு கமாலுதீன், பெருக்குவதைப் பாதியில் விட்டு விளக்குமாற்றோடு நல்லம்மாள். நல்லம்மாள் புருஷனின் கையைப் பார்த்ததும் வாயில் அடித்துக்கொண்டாள்.

"தண்ணி குடிச்சு ரெண்டு நாளாச்சு துவான்," என்றார் முனுசாமி. துரை வேலைக்காரர்களிடம் மலாயில்தான் பேசுவார், அவர்களும் அப்படியே பதில் சொல்வார்கள். "கிட்டயே போகமாட்டேங்குதுன்னு இவனே எங்கிட்ட சொன்னான்."

துரை பிச்சைமுத்துவைப் பார்த்தார். "உண்மையா?"

"துவான், வெறி இல்லை. லிந்தா. மூக்குக்குள்ள லிந்தா," என்றான் பிச்சைமுத்து. லிந்தா என்றால் மலாயில் அட்டை.

துரையின் கண்ணில் ஒரு நொடி ஆசை வந்தது. உடனே போய்விட்டது. அவர் தலையை ஆட்டினார். "இருக்கமுடியாது. என் நாய் வயல் தண்ணீர் குடித்ததே இல்லை. ஜுருவில் நானே ஊற்றினேன். என் கையால் ஊற்றினேன். கொதிக்கவைத்த தண்ணீர்." அவர் குரல் உடைந்தது. "தள்ளி நில். நீ இன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போகவேண்டும். கமாலுதீன், இவனை இழு."

கமாலுதீன் அவன் தோளைப் பிடித்தான். "வா முத்து. உன் உயிரு முக்கியம் லா."

துரை துப்பாக்கியைத் தூக்கினார். ரூபிக்குத் துப்பாக்கியைக் கண்டால் வேட்டை என்று அர்த்தம். அந்த வேதனையிலும் அது எழுந்து நின்று வாலை ஆட்டியது.

அதற்குமேல் பிச்சைமுத்துவால் பார்த்துக்கொண்டு நிற்கமுடியவில்லை. கமாலுதீனை உதறிவிட்டு நாய்க்கும் துப்பாக்கிக்கும் நடுவில் போய் விழுந்தான்.

"அது வாய்க்காத் தண்ணி, துவான்! நீங்க ஊத்துனது வாய்க்காத் தண்ணி! போத்தல் தண்ணிய நான் குடிச்சிட்டேன்!"

பின்னால் கடல் அலை பங்களாவின் மதிலில் மோதியது. முனுசாமியின் வாய் திறந்தபடியே நின்றது. நல்லம்மாளின் கையிலிருந்த விளக்குமாறு நழுவியது. துரைக்கு அவன் சொன்னது முதலில் புரியவே இல்லை. இன்னொரு தரம் சொல்லச் சொன்னார். அவன் இன்னொரு தரம் சொன்னான். முதல் தரத்தைவிட இரண்டாம் தரம் சொல்வதுதான் கஷ்டமாக இருந்தது.

"காட்டு," என்றார் துரை. துப்பாக்கியை அவர் கீழே இறக்கவில்லை.

நல்லம்மாள் ஓடிப்போய் ஒரு சட்டி தண்ணீரும், உப்பில் புரட்டிய துணியும் கொண்டுவந்தாள். பிச்சைமுத்து ரூபியின் தலையைத் தன் கக்கத்தில் அணைத்துக்கொண்டான். கடிபட்ட கையாலேயே வாயை மூடிப் பிடித்துச் சட்டியை மூக்கடியில் வைத்தான். ரூபி குடிக்கத் துடித்தது. அவன் விடவில்லை. "பொறு தாயி, பொறு, பொறு," என்று அதன் காதுக்குள் சொல்லிக்கொண்டே இருந்தான். கறுப்பாக ஒரு நூல் மூக்குத் துவாரத்தில் எட்டிப் பார்த்தது. கை போவதற்குள் உள்ளே போய்விட்டது. துரை ஒரு அடி முன்னால் வந்தார். நூல் மறுபடி வந்தது, மறுபடி போனது. பிச்சைமுத்துவின் வியர்வை சட்டித் தண்ணீரில் விழுந்தது. மூன்றாம் தரம் அது அரை விரல் நீளம் வெளியே வந்து தண்ணீரைத் தொட்டது. உப்புத் துணியால் அமுக்கிப் பிடித்தான். அது நீண்டது, நீண்டது, ரப்பர் மாதிரி நீண்டுகொண்டே வந்து, சட்டென்று விட்டுக் கையோடு வந்தது.

தரையில் போட்டான். ஒரு விரல் நீளத்துக்குக் கொழுத்த அட்டை ரத்தத்தைக் கக்கிக்கொண்டு நெளிந்தது. முனுசாமி "முருகா" என்று பின்வாங்கினார். கமாலுதீன் "அல்லாவே" என்று உட்கார்ந்துவிட்டான். ரூபி இரண்டு தரம் பலமாகத் தும்மியது. பிறகு சட்டியில் முகத்தைப் புதைத்து, மூச்சு விடாமல், அத்தனை தண்ணீரையும் குடித்துத் தீர்த்தது.

துரை துப்பாக்கியைப் புல்லில் போட்டுவிட்டு மண்டியிட்டார். நாயின் கழுத்தைக் கட்டிக்கொண்டு வெட்கமில்லாமல் அழுதார். பிச்சைமுத்துவும் அழுதான். பிழைத்தோம் என்று நினைத்தான். அப்பாவி.

துரை எழுந்து கண்ணைத் துடைத்துக்கொண்டார். முகம் கேட்க வேண்டியதைக் கேட்கிற முகமாக மாறிவிட்டது.

"ஏன் குடித்தாய்?"

"தாகம், துவான்."

"அது நாயின் தண்ணீர்," என்றார் துரை. கோபமே இல்லை. உண்மையாகவே திகைத்துப்போய்க் கேட்டார். "நாயின் தண்ணீர் என்று உனக்குத் தெரியும். தாளில் எழுதியிருக்கிறது. தெரிந்தும் குடித்துவிட்டு, என் கையில் சாக்கடையைக் கொடுத்து, என் கையாலேயே அதற்கு ஊற்றவைத்தாயா?"

தாளில் ரூபியின் தண்ணீருக்கு ஒரு வரி இருந்தது. பிச்சைமுத்துவின் தண்ணீருக்கு வரியே இல்லை. அதை எப்படி மலாயில் சொல்வது என்று தெரிந்திருந்தாலும் சொல்லியிருக்கமாட்டான். இன்று மாலைக்குள் காலி செய்துவிட வேண்டும் என்று சொல்லிவிட்டுத் துரை திரும்பினார். கொட்டகைப் பலகையில் அந்தத் தோல் போத்தல் தொங்கியது. அதைக் கழற்றி, வேறொருவன் வாய் வைத்ததில் என் நாய் குடிக்காது என்று சொல்லி, வீசி எறிந்தார். அது மதிலைத் தாண்டிக் கடலில் விழுந்து, அலையோடு சுவரடியிலேயே மிதந்துகொண்டிருந்தது.

இந்தப் பக்கம் முனுசாமி தன் பங்குக்குக் காத்திருந்தார். "நாய்த் தண்ணியக் குடிச்ச வாயா இது? இத்தனை நாள் எங்கூட உக்காந்து சாப்பிட்ட?" என்றவர், பிச்சைமுத்து வழக்கமாகக் குடிக்கும் எனாமல் டம்ளரைச் சமையல்கட்டிலிருந்து எடுத்துவந்து, இரண்டு விரலால் நுனியைப் பிடித்து அவன் காலடியில் போட்டார். மனுஷன் வாய் பட்டதால் போத்தல் தீட்டு. போத்தல் பட்டதால் மனுஷன் தீட்டு. இரண்டு நியாயமும் ஒரே காலையில், ஒரே வாசலில் நடந்தது. கமாலுதீன் மட்டும் வாயைத் திறந்தான், திறந்து, துரை போன பக்கம் பார்த்துவிட்டு, மூடிக்கொண்டான். அவனுக்கும் நாலு பிள்ளைகள்.

தான் செய்தது தப்பு என்று பிச்சைமுத்துவுக்குத் தெரியும். ஏன் குடித்தாய், ஏன் மறைத்தாய், ஏன் பொய் சொன்னாய் என்று எல்லாரும் கேட்டார்கள். கேட்கவேண்டியதுதான். ஆனால் மூன்று மைல் வெயிலில் துப்பாக்கி சுமந்தவனுக்குத் தண்ணீர் இல்லாமல் போனதைக் கேட்டு அந்த வாசலில் ஒருவர் முகமும் மாறவில்லையே, அதுதான் அவன் நெஞ்சை அடைத்தது. நல்லம்மாளைப் பார்த்தான். அவள் குனிந்து விளக்குமாற்றை எடுத்துக்கொண்டு வீட்டுக்குள் போய்விட்டாள்.

ஒரு தகரப் பெட்டி, ஒரு பாய், ஒரு துணி மூட்டை. சாயங்காலம் நான்கு மணிக்கு இரண்டு பேரும் பங்களாவின் வாசல் பாதையில் நடந்தார்கள். துரை மாடி வராந்தாவில் நின்றிருந்தார், போகிறவர்கள் எதையும் எடுத்துப்போகாமல் பார்ப்பதற்காகவோ என்னவோ. கேட்டைத் திறக்கும்போது பின்னால் பாதையின் சரளைக்கல் சரசரத்தது.

ரூபி. உடம்பெல்லாம் கடல்தண்ணீர் சொட்ட ஓடிவந்தது. வாயில் அந்தத் தோல் போத்தல்.

எறிந்ததை எடுத்துவருவது அதன் ஜாதிக்குணம். அதை யாரும் சொல்லித்தரத் தேவையில்லை. ஆனால் எடுத்ததைத் துரையின் கையில் மட்டுமே கொடுக்கவேண்டும் என்பது துரை இரண்டு வருஷம் பாடுபட்டுச் சொல்லிக்கொடுத்தது. மாடியிலிருந்து துரை விசில் அடித்தார். ரூபி நிற்கவில்லை. பெயர் சொல்லி உரக்கக் கூப்பிட்டார். ரூபி காதை மட்டும் ஒருதரம் அசைத்துவிட்டுப் பிச்சைமுத்துவின் முன்னால் வந்து உட்கார்ந்தது. கட்டுப்போட்ட கையைப் பார்த்து, மறு கையில், முட்டையை வைப்பது போலப் போத்தலை வைத்தது.

மாடியில் விசில் நின்றுவிட்டது. பிச்சைமுத்து நிமிர்ந்து பார்த்தான். அவ்வளவு தூரத்திலும் துரையின் முகம் அறை வாங்கின முகம் மாதிரித் தெரிந்தது. காலையில் துப்பாக்கியோடு வந்தபோதுகூட அந்த முகம் அப்படி இல்லை.

"போ ரூபிம்மா. காதைத் தொடைச்சுவிடச் சொல்லு, உப்புத் தண்ணி," என்றான் பிச்சைமுத்து. கேட்டைச் சாத்திவிட்டு நடந்தான்.

டத்தோ கிராமாட்டில் நல்லம்மாளின் தங்கை வீடு. அதுவரைக்கும் நடை. வழியெல்லாம் அவள் ஒரு வார்த்தை பேசவில்லை. நாய்த் தண்ணீர் குடித்தவன் பெண்டாட்டி என்று தங்கை வீட்டில் பேசுவார்களே என்று நினைக்கிறாள் என்று பிச்சைமுத்து நினைத்தான். போத்தலைச் சாக்கடையில் போட்டுவிடலாமா என்று இரண்டு தரம் யோசித்தான். ரூபி கொடுத்ததைப் போட மனசு வரவில்லை, மூட்டைக்குள் ஒளித்துவைக்கவும் வெட்கமாக இருந்தது.

சாலையோரத்தில் ஒரு தண்ணீர்க் குழாய் இருந்தது. தண்ணீர் பிடிக்க நாலைந்து பெண்கள் குடத்தோடு நின்றார்கள். அதில் இரண்டு பேர் தெரிந்தவர்கள். நல்லம்மாள் பாயை இறக்கி வைத்தாள். அவன் கையிலிருந்த போத்தலைப் பிடுங்கினாள். பிச்சைமுத்துவுக்குத் தூக்கிவாரிப் போட்டது. எல்லார் முன்னிலையிலும் உடைக்கப்போகிறாள் என்று நினைத்துக் கண்ணை மூடிக்கொண்டான்.

குழாய்ச் சத்தம் கேட்டது. கண்ணைத் திறந்தான். அவள் போத்தலைக் கழுவி, கழுத்து வரைக்கும் நிரப்பிக்கொண்டிருந்தாள். "அது நாய்ப் போத்தல் இல்லையாக்கா?" என்று ஒரு பெண் கேட்டாள். அந்தச் சேதி அவர்களுக்கு முன்னாலேயே நடந்து வந்துவிட்டிருந்தது.

நல்லம்மாள் அவளைத் திரும்பியும் பார்க்கவில்லை. போத்தலைத் தூக்கி, வாய் வைத்து, தொண்டை ஏறி இறங்க ஐந்தாறு மடக்குக் குடித்தாள். முந்தானையால் வாயைத் துடைத்துக்கொண்டாள். பிறகு போத்தலைப் புருஷனிடம் நீட்டினாள்.

"அன்னைக்கு ரொம்பத் தாகமா இருந்துச்சாங்க?" என்று கேட்டாள்.

பிச்சைமுத்து தலையை ஆட்டினான். போத்தலை இரண்டு கையாலும் வாங்கிக் குடித்தான்.